நாற்பத்தோரு அடி தள்ளி வைத்த காந்தங்கள்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து சைக்கிளில் வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வில்லியனூரில் பழைய இரும்புக் கடை பாய் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவியின் மார்பில் பெட்டி வைத்து அன்றோடு 2612 நாள் ஆகியிருந்தது.

பெட்டி என்று எங்கள் வீட்டில் சொல்வது பேஸ்மேக்கரை. இடது தோளெலும்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் மேடாகத் தெரியும். 2016 ஜூன் 14 அன்று வைத்தார்கள். அப்போது அவளுக்கு வயது அறுபத்தொன்று, இதயம் நிமிடத்துக்கு முப்பத்து நான்கு முறைதான் துடித்தது. வைத்த டாக்டர், "பேட்டரி சுமாரா பத்து வருஷம் வரும் சார்" என்றார். நடுவில் வரும் இரண்டு லீப் வருடங்களையும் சேர்த்தால் பத்து வருடம் என்பது 3652 நாட்கள். வீட்டுக்கு வந்த அன்றே நோட்டில் எழுதிவிட்டேன். அதன் பிறகு தினமும் காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, அந்த எண்ணையும் மிச்சமுள்ள நாட்களையும் எழுதுவேன்.

"எழுந்தா பொண்டாட்டி மூஞ்சப் பாக்க மாட்டீங்க. கையப் புடிச்சி எண்ணிட்டுத்தான் காப்பியே குடிப்பீங்க" என்பாள்.

எண்ணுவது என் தொழில். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்காக எண்ணினேன். ஆடு மாடு எண்ணினேன், கிணறு எண்ணினேன். அறுவடைக் காலத்தில் நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து அடித்து எடை போட்டு, ஊருக்கே மகசூல் இவ்வளவு என்று எழுதி அனுப்பினேன்.

பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுத்து, பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என்றோ ஒரு நாள் நிற்கப் போகிற ஒன்றின் தயவில் அவள் கீரை ஆய்கிறாள், துணி காயப் போடுகிறாள், தூங்குகிறாள் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இந்த நிலையில்தான் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. சைக்கிள் சக்கரம் ஒன்றின் விளிம்பு முழுக்கக் காந்தங்கள். பக்கத்தில் வளைந்த ஒரு கட்டையில் இன்னும் சில காந்தங்கள். கரண்டு இல்லை, பேட்டரி இல்லை, சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பதினொரு முறை பார்த்தேன். நான் இயற்பியலில் பி.எஸ்ஸி. படித்தவன். ஒன்றும் போடாமல் ஒன்றும் எடுக்க முடியாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு பேட்டரியை ஒளித்திருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் பார்த்தேன். தெரிந்தும், தீராத ஒன்றை என் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்கு மேல் அதை விளக்க எனக்கு வரவில்லை.

"இன்னா சார், ஸ்பீக்கர் பொட்டி கட்டப் போறீங்களா?" என்று கேட்டார் பாய்.

"இல்ல பாய். மோட்டார். காந்தத்துலயே சுத்துறது. கரண்டு வேணாம்."

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "கரண்டு இல்லாமலா? சுத்துச்சின்னா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும் சார். கடைக்கு ரெண்டு மாசமா பில்லு கட்டல."

உள்ளே போய்த் தேடிக்கொள்ள விட்டார். முதலில் ஸ்பீக்கர்களை எடுத்தேன். அவற்றின் காந்தம் கருப்பு வளையம், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் பசையால் ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு உளி வைத்தால் சிலேட்டுப் பலகை மாதிரி உடைந்துவிடும். முதல் இரண்டை அப்படித்தான் உடைத்தேன். பிறகு தின்னரில் ஒரு நாள் ஊறப் போட்டால் தானாக விட்டுவிடுகிறது என்று கண்டுகொண்டேன். பெரிதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஒரு அங்குல ஆணிகளைத் தட்டில் கொட்டி, காந்தத்தை அதில் அழுத்தித் தூக்கி, எத்தனை ஆணி ஒட்டி வருகிறது என்று எண்ணுவேன். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வளையத்துக்குப் பதினொரு ஆணி. பழைய மொபெட் ஒன்றின் எஞ்சினிலிருந்து கழற்றியதற்குப் பதினான்கு. செத்துப்போன கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கும் வெள்ளி நிறத் துண்டு, பெருவிரல் நீளம்கூட இல்லை, முப்பத்தேழு ஆணியைத் தூக்கியது.

அந்த எண்ணைப் பார்த்ததும் ஹார்டு டிஸ்க்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்றுக்கு இரண்டு காந்தம். எனக்கு இருபத்து நான்கு வேண்டும், ஆகப் பன்னிரண்டு டிஸ்க். மறுபடி கடைக்குப் போனபோது பாய் அவற்றைத் தராசில் வைக்கவே விடவில்லை.

"அதுல வைக்காதீங்க சார். போன மாசம் ஒருத்தன் காந்தத்தக் கொணாந்து வச்சி தராசே கிறுக்குப் புடிச்சிப் போச்சி. பழைய இரும்ப வச்சா அர கிலோ கூடக் காட்டுது."

"உங்களுக்கு லாபந்தான பாய்."

"வாங்குறது நானு சார். லாபம் ஊர்க்காரனுக்கு!"

எண்ணிக்கைக்கு விலை பேசி எடுத்துவந்தேன். டிஸ்க்கின் மூடியைத் திறக்க நட்சத்திர வடிவ முனை கொண்ட ஸ்குரூடிரைவர் வேண்டும். உள்ளே காந்தம் ஒரு தகட்டில் ஒட்டியிருக்கும். நெம்பினால் மேலே பூசிய பளபளப்பு பிஸ்கட் மாதிரி பொரிந்துவிடும். தகட்டை இரண்டு குறடுகளால் பிடித்து மெதுவாக வளைத்தால், காந்தம் வளையாமல் தானாகப் பிரிந்து எழும். எழுந்ததும் அடுத்ததன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை நடுவில் அகப்பட்ட என் ஆள்காட்டி விரலில் ரத்தம் கட்டி, நகம் கருத்து, ஒன்பதாம் நாள் விழுந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டு வடக்குப் பக்கம் எது என்று பார்த்துச் சிவப்புப் பெயிண்ட் புள்ளி வைத்தேன். முப்பத்து நான்கு ஆணிக்குக் குறைவாகத் தூக்கிய மூன்றைத் தள்ளிவிட்டு, இன்னும் இரண்டு டிஸ்க் வாங்கிச் சரிக்கட்டினேன்.

பெட்டி வைத்தவர்கள் காந்தத்திடமிருந்து அரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். அரை அடி எனக்குப் போதவில்லை. மாடுகளை விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகை தோட்டத்துக் கடைசியில் இருக்கிறது. அவள் கட்டிலிலிருந்து அங்கே டேப் பிடித்து அளந்தேன். நாற்பத்தோரு அடி. காந்தங்களை அங்கேதான் வைத்தேன், வேலையும் அங்கேதான். கொட்டகை வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்கு இன்னா பொழப்பு இல்லியா, உங்க கொட்டாயில வந்து குந்திக்கினு இருக்க?" என்றாள்.

செப்டம்பர் முடிவதற்குள் சக்கரம் தயாராகிவிட்டது. ஒரு மரத் தாங்கியில் செங்குத்தாக நிற்கும். விளிம்பில் பதினாறு காந்தங்கள், எல்லாம் ஒரே சாய்வில். எதிரே வளைந்த கட்டையில் எட்டு. இரண்டுக்கும் நடுவில் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி. கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு டைம்பீஸைப் பார்த்துக்கொண்டு எண்ணுவேன். முதல் நாள் பத்தொன்பது சுற்று. சாய்வை மாற்ற மாற்ற இருபத்தேழு, முப்பத்தெட்டு, ஒருமுறை நாற்பத்து மூன்று. அதன் பிறகு ஏறவே இல்லை. கட்டையைக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் சக்கரத்தைத் தள்ளினால் எழுபதுக்கு மேல் சுற்றியது. அதாவது என் காந்தங்கள் அதை ஓட்டவில்லை, நிறுத்திக்கொண்டிருந்தன. இதையும் நோட்டில் எழுதினேன். ஆனாலும் கட்டையைத் திரும்பப் பூட்டினேன்.

அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. ஸ்பேனர், ஸ்குரூடிரைவர், இரண்டு குறடு, டேப், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அவளிடம் கொடுத்தேன். சாமி அலமாரி முன்னால் வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் குளிக்கப் போனேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தோட்டத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"இன்னாங்க! சீக்கிரம் வாங்க. உங்க மிஷினு என் தாலியப் புடிச்சிக்கிச்சி!"

ஈரத் துண்டோடு ஓடினேன். சிறு ஆயுதமெல்லாம் பூஜையில் இருக்க, நான் இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுத சக்கரத்துக்கு மட்டும் பொட்டு இல்லாமல் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சந்தனக் கிண்ணத்தோடு கோட்டைத் தாண்டிப் போய், சக்கரத்தின் நடுவில் பொட்டு வைக்கக் குனிந்திருக்கிறாள். தாலிச் செயினில் மூன்று ஊக்கு மாட்டியிருப்பாள். எந்தப் பெண்தான் மாட்டவில்லை. அவசரத்துக்கு வேண்டும் என்று நாற்பத்து நான்கு வருடமாக அந்தச் செயினில் ஊக்கு தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். என் கண் முன்னால் தொங்கிய அந்த இரும்பை நான் ஒரு நாளும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. குனிந்ததும் மூன்றும் தாவிப் போய் அந்த எட்டு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் சிக்கிக்கொண்டன. சக்கரம் இறுகிவிட்டது. செயினோடு அவள் கழுத்து கீழே இழுபட்டு, சக்கரத்தின் மேல் விளிம்பு அவள் இடது தோளை உரசிக்கொண்டிருந்தது. பெட்டிக்கும் காந்தத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடம்கூட இல்லை.

"செயினக் கழுத்துலேருந்து கழட்டு!"

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேசுறீங்க? கல்லாட்டம் நீங்க நிக்கிறப்ப தாலியக் கழட்டச் சொல்றீங்களே?"

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அவளுக்குத்தான் வலித்தது. எதிர்க் கட்டையைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டைக் கழற்றினால் விட்டுவிடும். அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது பூஜையில் இருக்கிறது. இதெல்லாம் ஒரே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஓடவில்லை. என் கை தன்பாட்டுக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. டைம்பீஸைப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்தேன்.

அன்று காலை எண்ணியபோது அறுபத்திரண்டு. இப்போது துடிப்பு வேகமாக, ஒன்றுக்கொன்று மயிரிழை மாறாமல், தையல் மிஷின் ஊசி இறங்குவது போல வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதரின் நாடி அப்படி இருக்காது. முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். எண்பத்தைந்து.

"நானு மாட்டிக்கினு நிக்கிறேன். நீங்க எண்ணிக்கினு நிக்கிறீங்களா?" என்றாள். அவள் குரலில் அப்போது சிரிப்பு இல்லை. "மார்ல படபடன்னு வருதுங்க."

ஓடினேன். ஸ்பேனரை நான் எடுத்து வருவதைப் பார்த்ததும், "பூஜையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்" என்று ஆரம்பித்தாள். பேசாமல் இரு என்று கத்தினேன். ஸ்பேனரில் ஈரச் சந்தனம் வழுக்கியது. இரண்டாவது போல்ட் கழன்று கட்டை விழுந்ததும் நிமிர்ந்தாள். செயினில் ஒரு கண்ணி நீண்டு இளைத்துப் போயிருந்தது. மறுபடி கையைப் பிடித்தேன். அறுபத்திரண்டு. எதுவுமே நடக்காதது போல அறுபத்திரண்டு.

ஆஸ்பத்திரிக்கு உடனே போகலாம் என்றேன். எனக்கு ஒன்றும் இல்லை, வடைக்கு அரைத்து வைத்திருக்கிறேன் என்றாள். மறுநாள் விஜயதசமி. அந்த இரண்டு நாளில் அவள் கையை நாற்பத்தாறு முறை பிடித்தேன். என் காந்தம் உள்ளே எதையாவது கெடுத்திருக்குமோ என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. கெடவில்லை என்று எண் சொன்னது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

புதன்கிழமை ஆட்டோ பிடித்துப் போனோம். பெட்டியைச் சோதிக்கும் அறையில் இருந்த பெண் என் மனைவியைப் படுக்கவைத்து வயர்களை ஒட்டினாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, நடுவில் ஓட்டை போட்ட தடித்த வளையம் ஒன்றை எடுத்து, நேராக என் மனைவியின் பெட்டியின் மேல் வைக்கப் போனாள். பார்த்ததும் எனக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது.

"வைக்காதம்மா! அது காந்தம்!"

"ஆமா சார், காந்தந்தான். இத வச்சாத்தான் டெஸ்ட்டு."

"அரை அடி தள்ளின்னு நீங்கதான் தாள்ல குடுத்தீங்க!"

"அது வூட்ல சார். இங்க நாங்க பாத்துக்கினு இருக்கிறப்ப வைக்கலாம். பயப்படாதீங்க, எடுத்தா பழையபடி ஆயிடும்" என்று சொல்லி வைத்தாள். திரையில் எண் மாறியது. அந்தப் பெண் எழுதுவதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். எண்பத்தைந்து.

"என் கணக்கும் அதுதான்" என்றேன்.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவர் சின்ன வயதுக்காரர். உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். காந்தம் வைத்தால் இந்தப் பெட்டி இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் அடிக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் நூறு. தீரும் நிலைக்கு வந்துவிட்டால் எண்பத்தைந்து. இந்த வகைப் பெட்டியை அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓடலாம், அதை நம்பி இருக்கக் கூடாது.

"கடைசியா எப்ப செக்கப் வந்தீங்க?"

"2022 மார்ச்" என்றேன்.

"ஆறு மாசத்துக்கு ஒருதடவை வரச் சொல்லியிருப்பாங்களே சார்?"

சொல்லியிருந்தார்கள். அவளுக்கு முட்டி வலி, வரிசையில் நிற்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் என் பையில் இருந்தது. நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அன்றைய தேதிக்கு 963 நாட்கள் மிச்சம் என்று என் கையெழுத்தில் இருந்தது. அதனால்தான் அவள் கிணற்றடி வரை நடந்தாலே களைப்பாக இருக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொன்னபோதும், அறுபத்தெட்டு வயதுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். சிரிக்கவில்லை. "பத்து வருஷம்ங்கிறது சராசரி சார். சிலருக்கு அந்த பேஸ்மேக்கர் எப்பவாவது ஒருதடவைதான் அடிக்கும், அவங்களுக்குப் பன்னெண்டு வருஷம்கூட வரும். அம்மாவுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு துடிப்பையும் அதுதான் குடுக்குது. பேட்டரி சீக்கிரம் தீராதா?"

எனக்குப் போய்ச் சராசரியைச் சொன்னார். ஊருக்கு ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எழுதி அனுப்பிய முப்பத்தொரு வருடத்தில், அந்த எண் அப்படியே விளைந்த ஒரு வயலைக்கூட நான் கண்டதில்லை. ஒருவர் வயலில் அதைவிட அதிகம், அடுத்தவர் வயல் கருகிக் கிடக்கும். சராசரி யாருடைய வயலும் இல்லை என்று என்னிடம் வேலை கற்க வந்தவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள், அவள் விஷயத்தில், அதையே நாளாகப் பிரித்து ஒவ்வொரு காலையும் ஒன்றைக் கழித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். எஞ்சிய நாட்கள் என் நோட்டில்தான் இருந்தன, அவள் மார்பில் இல்லை.

ஆட்டோவில் வரும்போது அவள், "பாத்தீங்களா, நானு பொட்டு வைக்கப் போனதாலதான் தெரிஞ்சிது" என்றாள். அவள் சொல்வது உண்மை. அவளை மாட்டிக்கொண்டபடி விட்டுவிட்டு நான் ஒரு நிமிடம் எண்ணியதும் உண்மை. நான் எண்ணாமல் ஓடியிருந்தாலும் ஆஸ்பத்திரித் திரையில் அதே எண் வந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒருமுறை அவளிடம் கேட்டேவிட்டேன்.

"உங்க கொணம் எனக்குத் தெரியாதா? நானு செத்தாலும் எத்தினி மணிக்குன்னு எழுதிட்டுத்தான் அழுவீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே என் முகத்தைப் பார்த்து, "சரி, வுடுங்க" என்றாள்.

அக்டோபர் 30, திங்கட்கிழமை புதுப் பெட்டி வைத்தார்கள். மரப்பு ஊசிதான், ஒன்றேகால் மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு எத்தனை முறை திறந்தது என்று எண்ணவில்லை. பழைய பெட்டியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு ஓரத்தில் லேசாகக் கீறல், மற்றபடி புதிது போலவே இருந்தது.

அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சக்கரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்று நானும் பாயும் சேர்ந்து உட்கார்ந்தோம். இருபத்து நான்கில் ஒன்பது உடைந்தது. மற்றவற்றை மரச் சீவல் வைத்துத் தனித்தனியாகச் சுற்றி எடுத்துப் போனார்.

"கடைசி வரைக்கும் சுத்தவே இல்லியா சார்?" என்றார்.

"நாப்பத்து மூணு சுத்து பாய்."

"அப்ப என் பில்லு நாந்தான் கட்டணும்."

தையல் பிரிக்கப் போனபோது அவள்தான் டாக்டரிடம் கேட்டாள். "இது எத்தினி வருசம் வரும் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். என் பையில் நோட்டு இருந்தது, பேனாவும் இருந்தது. "வருஷம் வேணாம் டாக்டர். அடுத்து எந்தத் தேதிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் சீட்டில் ஒரு தேதியை எழுதிக் கொடுத்தார். அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செலவுக் கணக்கை எழுதி முடித்தேன். காந்தம், சக்கரம், தின்னர், பசை எல்லாம் சேர்த்து 2,250. பாய் திருப்பிக் கொடுத்த 180 கழிய 2,070. செயினில் இளைத்த கண்ணியைச் சரிசெய்யப் பத்தருக்கு 350. ஆட்டோவுக்கு 740. ஆஸ்பத்திரிக்கு 1,18,600. காந்தச் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் வேறு வேறு கணக்காகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. காந்த மோட்டார் என்ற தலைப்பிலேயே போட்டுக் கூட்டினேன். ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.